கோடிச் சேலையும் பகல் தூக்கமும்

ஜூலை 9, செவ்வாய்
சியாட்டில் விமான நிலையம்

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரை எடுத்த அன்று இருந்தவர்கள்: மகன் குருநாதன், முந்தின நாள்தான் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவன், இடுப்பில் ஈர வேட்டி. மருமகள் பிருந்தா, கையில் மூன்று வயது யாழினி. கொழுந்தன் அய்யாத்துரை, இழவு வீட்டிலும் வாயில் வெற்றிலை. அவன் பெண்டாட்டி பாப்பா, அழுகிற சாக்கில் என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். எதிர்வீட்டு லூர்து டீச்சர். ஐஸ் பெட்டி கொண்டுவந்த மாரிச்சாமி. தம்பி பெண்டாட்டி சொர்ணம், மூக்கைச் சிந்தி மூன்று கைக்குட்டையை நனைத்தவள்.

இல்லாதவன் ஒருத்தன். கூடப்பிறந்த தம்பி கோமதிநாயகம். ஹூஸ்டனிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்குக் கோவில்பட்டி வந்து இறங்கினான். என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். காதோரம் ஒரு கேள்வி கேட்டான். பிறகு லூர்து டீச்சர் வீட்டு மாடியில் போய்ப் படுத்தான். இரண்டரை மணிக்கு என் வீட்டுக்காரரைத் தூக்கியபோது அங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து, பிணம் தூக்குவதற்கு முன்னால் அவள் மேல் போட வேண்டும். கோடி என்பார்கள். இவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று நாலு பேருக்குச் சொல்கிற துணி. அன்று மூன்று மணிக்கு ராகுகாலம். "பொறந்த வீட்டுக் கோடி எங்கே?" என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாம் தடவைக்கும் பதில் இல்லாமல் போகவே, அய்யாத்துரை ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து என் தலையில் போட்டான்.

"பொறந்த வீடு உறங்குது. நாமதான் போடணும்" என்றான். யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன, பாப்பாதான்.

பதினோரு வருஷம் ஆகிறது. அன்று முதல் வெள்ளையைத் தவிர வேறு உடுத்தவில்லை. தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஆறு மணிக்கு எழுந்து, கையில் கோடிக் கவரோடு ஓடிவந்தான். நான் வாங்கவில்லை. சொர்ணம் அதை என் டிரங்குப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கவரைப் பிரிக்கவில்லை, பின்னைக்கூட எடுக்கவில்லை. இப்போது என் கைப்பையில் பிரஷர் மாத்திரைக்கு அடியில் இருக்கிறது.

தம்பிக்கு இந்த மாதம் பதினைந்தாம் தேதி எழுபது முடிகிறது. அதற்காக எல்லோரும் கென்யாவுக்குப் போய்க் காட்டு மிருகம் பார்க்கிறோமாம். "நீயும் வந்தாத்தாம்மா மாமாவுக்குச் சந்தோஷம்" என்றான் குருநாதன். சரி என்றேன். மறுபேச்சு இல்லாமல் நான் சரி சொன்னதில் அவனுக்குச் சந்தேகம். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

சியாட்டிலுக்கும் கென்யாவுக்கும் பத்து மணி நேரம் வித்தியாசம். எப்போது தூங்கினேன், எப்போது மாத்திரை போட்டேன் என்று எழுதி வைக்க டாக்டர் சொன்னாராம். இந்த நோட்டை வாங்கித் தந்திருக்கிறான். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு இது தாராளம். தூக்கத்தையும் எழுதுகிறேன். அந்தக் கவர் தம்பி மூஞ்சியில் விழுகிற நாளையும் எழுதுவேன். பிறந்த நாளன்று, எல்லோர் முன்னிலையிலும்.

ஜூலை 11, வியாழன்
நைரோபி

தூக்கம்: விமானத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை. மாத்திரை: காலை ஒன்று. எந்த ஊர்க் காலை என்று தெரியவில்லை.

தம்பி ஹோட்டல் வாசலில் நின்றான். தலை பஞ்சு மாதிரி வெளுத்திருக்கிறது. அப்பாவின் காது அப்படியே.

"அக்கா" என்றான்.

நான் யாழினியைப் பார்த்து, "ரூம் சாவி வாங்கியாச்சான்னு கேளு" என்றேன்.

"வாங்கியாச்சு அக்கா. முதல் மாடி."

"மாடின்னா சில பேருக்கு ரொம்ப இஷ்டம்" என்றேன், யாழினியிடம்தான்.

"ஆரம்பிச்சாச்சு" என்று சொர்ணம் முணுமுணுத்தாள். பிறகு பல்லைக் காட்டி, "மெலிஞ்சுட்டீங்களே மதினி" என்றாள்.

"நீ மெலியலை" என்றேன்.

அவன் விடவில்லை. "இப்போ படுத்துராத அக்கா. வெயில் இருக்கிற வரைக்கும் வெளியே நட. நாம விமானத்துல வந்துருவோம், ஒடம்பு வராது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாத்தான் அது நகர்ந்து வரும்" என்றான்.

நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "நல்ல சாக்கு. பதினோரு வருஷமா யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்காக."

பிருந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டாள். நல்ல பெண், ஆனால் நடிக்கத் தெரியாது.

இந்த நேர மாற்றத் தூக்கம் எல்லாம் கட்டுக்கதை. எட்டு வருஷம் முன்னால் நான் சியாட்டிலுக்கு வந்த புதிதில் பத்து நாள் பகலெல்லாம் தூங்கினேன். அது குளிரால்.

ஜூலை 12, வெள்ளி
காட்டுக்குள், கூடாரம்

தூக்கம்: வரும் வழியில் வேனில் கொஞ்சம். மாத்திரை: இரண்டு வேளையும்.

கூடாரம் என்றால் நம் ஊர்ச் சர்க்கஸ் கூடாரம் இல்லை. உள்ளே கட்டில், குழாய், கண்ணாடி எல்லாம் உண்டு. கதவுக்குப் பதில் ஜிப். முகம் நீண்ட குரங்குகள் அந்த ஜிப்பைத் திறக்கப் பழகியிருக்கின்றனவாம். யாராவது காவல் இல்லாமல் பையை வெளியே வைக்கக் கூடாது என்று டிரைவர் கமாவு சொன்னான். நான் கைப்பையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கமாவு என்னை 'மாமா' என்று கூப்பிடுகிறான். அவர்கள் ஊரில் அம்மா வயசுக்காரிக்கு அதுதான் மரியாதையாம். மரியாதை தெரிந்தவன்.

இறங்கியதும் பூர்த்தி செய்ய ஒரு ஃபாரம் நீட்டினார்கள். என் பெயரை நானே எழுதினேன், செண்பகவல்லி என்று. அடுத்த கட்டத்தில் புருஷன் பெயர். பேனாவைக் குருநாதனிடம் கொடுத்துவிட்டேன். அவர் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் எனக்காக வேறு யாராவதுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே அதில் ஒரு தொந்தரவு. எல்லோரும் பார்க்க வந்திருக்கிற மிருகம், அதுதான் பிடரி மயிரோடு இருக்குமே, அதன் பெயர் அவர் பெயருக்குள் இருக்கிறது. அதனால் அதையும் நான் சொல்வதில்லை. பிடரிக்காரன் என்பேன். யாழினி சின்னப் பிள்ளையில் அதைத்தான் அதன் பெயர் என்று நினைத்திருந்தாள். இவர்கள் பாஷையில் அதற்கு சிம்பாவாம். அது பரவாயில்லை, அதில் அவர் பெயர் இல்லை.

ஜூலை 13, சனி

தூக்கம்: விடிகாலை மூன்றுக்கே முழித்துக்கொண்டேன். அங்கே சியாட்டிலில் மாலை ஐந்தாம்.

காலையில் ஜீப்பில் போனோம். வரிக்குதிரை பார்த்தேன். மாடும் ஆடும் சேர்ந்து பெற்றது மாதிரி தாடி வைத்த ஒன்று, ஆயிரக்கணக்கில் மேய்கிறது. பிடரிக்காரன் கண்ணில் படவில்லை.

ஒரு கிழட்டுக் காட்டெருமை தனியாக நின்றது. அது தன்னை அடித்தவனை மறக்காது, ஓடுகிற மாதிரி ஓடி, சுற்றிவந்து, பின்னாலிருந்து முட்டும் என்றான் கமாவு. குருநாதன் எனக்குத் தமிழில் சொன்னான். நல்ல பிராணி. மற்றவர்கள் கிளம்பலாம் என்றார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன்.

தம்பி முன் சீட்டில் இருந்தான். எனக்கு ஜன்னலோரம் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டான். நான் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, மாலை

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தூங்கிவிட்டேன் என்று சொல்கிறார்கள். பொய். கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். சேலை முந்தியில் சூப்பு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தூக்கம்: எழுதச் சொன்னார்கள் என்பதால் எழுதுகிறேன். பத்து மணிக்கு ஜீப்பில் கண் சொருகியது. தூக்கம் மாதிரி இல்லை. கிணற்றுக்குள் யாரோ காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி. பத்து நிமிஷம்தான் என்று நினைத்தேன். விழித்தபோது ஜீப் கூடார வாசலில் நின்றது, மணி ஒன்று. யாழினி என் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தாடிக்கார மாடுகள் ஆற்றைக் கடந்தனவாம், முதலை பிடித்ததாம். எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"என்னை ஏன் எழுப்பலை?" என்றேன்.

"எழுப்புனோம் அத்தை" என்றாள் பிருந்தா.

"எழுப்பினா எந்திரிக்காம இருப்பேனா? நான் என்ன கோமதிநாயகமா?"

சொர்ணம் பின் சீட்டிலிருந்து இறங்காமல் அப்படியே இருந்தாள். அவள் அமைதி எனக்குப் பிடிக்காது. பேசப்போகிறாள் என்று தெரிந்தது.

"மதினி, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குச் சுடுகாட்டுலேருந்து வந்ததும் ஒங்க மகன் திண்ணையிலேயே தூங்குனான். தலை எம்மேலதான் கிடந்தது. அவன் தூங்குனா துக்கம். எங்க வீட்டுக்காரக தூங்குனா துரோகம். நல்ல நியாயம் மதினி."

"அவன் கொள்ளி வச்சுட்டுத் தூங்குனான். வேலையை முடிச்சுட்டு."

"நான் போய் எழுப்புனேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. தண்ணி தெளிச்சேன். கண்ணைத் தொறந்து என்னையப் பார்த்து, 'வாரேன், நீ போ'ன்னு தெளிவாச் சொன்னாக. வந்துருவாகன்னு நம்பிக் கீழே இறங்குனேன்."

"கண்ணைத் தொறந்து பேசுறவன் எப்படிடீ தூங்குவான்? போடணும்னு மனசு இருந்தா எந்திரிச்சிருப்பான்."

"சொர்ணம், விடு" என்றான் தம்பி. அவளிடம் சொன்னான், ஆனால் என்னைத்தான் பார்த்தான். அன்று காதோரம் கேட்டானே, அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுவிடுவானோ என்று பையை இழுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தேன். கேட்கவில்லை. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

நாளைக்குப் பிறந்த நாள். ஒரு மணிக்கு ஆற்றங்கரை மரத்தடியில் விருந்தாம், கேக்காம். கவரை எடுத்துத் தடவிப் பார்த்தேன். பின் துருப்பிடித்திருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிட்டேன். 'பொறந்த வீடு முழிச்சிருச்சா? இந்தா, ஒன் சேலை. ஒன் பொண்டாட்டிக்கே போடு.' இவ்வளவுதான். சின்னதாக இருந்தால்தான் ஆழமாக இறங்கும்.

ஜூலை 15, திங்கள், காலை

தூக்கம்: சரியாக இல்லை. மாத்திரை: போட்டாயிற்று. பதினொரு மணிக்குக் கூடாரத்தில் போய்ப் பையை எடுத்துக்கொள்ள வேண்டும். தலையை வாரி, முகம் கழுவி, திருநீறு பூசி. அலங்கோலமாக நின்று சண்டை போடக் கூடாது.

ஜூலை 15, மாலை

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குக் கூடாரத்துக்குப் போனேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். செருப்பு மாட்டக் குனிந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, கூடாரத் துணியில் மஞ்சள் வெயில். ஐந்து மணி.

ஜிப்பைத் திறந்து வெளியே வந்தேன். வாசலில் நாற்காலி போட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான், கையில் ஒரு கம்பு. கீழே ஒரு தட்டு, அதில் ஈ மொய்த்த கேக் துண்டு, தொடாதது.

"குரங்கு வருது அக்கா. ரெண்டு தடவை வந்து ஜிப்பைப் பிடிச்சுது. வெரட்டிட்டேன்."

பதினோரு வருஷத்தில் முதல் தடவை அவனிடம் நேராகப் பேசினேன். "என்னை ஏம்ல எழுப்பலை?"

"தூங்கட்டும்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியும்லா, அது எப்படின்னு."

அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. எழுபது வயதில் பிறந்த நாளும் அதுவுமாக ஐந்து மணி நேரம் குரங்கு விரட்டினான் என்றால், அவனை நான் எதை வைத்துத் திட்டுவது? என் வாயைப் பிடுங்கிவிட்டான். "ஏன் எழுப்பலை? எல்லாருமாச் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்க. மாத்திரையில எதையாவது கலந்தீங்களா?" என்று கத்தினேன். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். "ஆச்சி, நான் வந்து எழுப்புனேன். நீங்க நம்ப மாட்டீங்கன்னு வீடியோ எடுத்தேன்" என்றாள் யாழினி. பன்னிரண்டு மணிக்குப் பிடரிக்காரன் கிடக்கிற இடத்தைக் கமாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள்.

போனைக் காட்டினாள்.

கட்டிலில் ஒரு கிழவி பையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். வாய் திறந்திருக்கிறது. ஒரு காலில் செருப்பு. "ஆச்சி, எந்திரிங்க, கிளம்பணும்" என்று யாழினி உலுக்குகிறாள். கிழவி கண்ணைத் திறக்கிறாள். அரைக் கண் இல்லை, முழுக் கண். யாழினியை நேராகப் பார்த்து, கணீரென்று சொல்கிறாள்: "வாரேன், நீ போ." கண் மூடிக்கொள்கிறது.

சொர்ணம் என் பின்னால்தான் நின்றாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் அவளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அதோடு முடிந்திருந்தால் சரி. வீடியோவில் யாழினி இன்னொரு தடவை உலுக்குகிறாள். கிழவி மறுபடி கண்ணைத் திறக்கிறாள். இந்தத் தடவை யாழினியைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறாள். கெஞ்சுகிற குரல், அது என் குரல் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இன்னைக்கும் எழுப்பாமப் போயிடாதீங்க."

"யார்ட்ட ஆச்சி சொல்றீங்க? எனக்கு 'ங்க' போட மாட்டீங்களே?" என்று கேட்டாள் யாழினி.

குருநாதன் போனை வாங்கி அணைத்தான். பிருந்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி கம்பைக் கீழே போட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு மட்டும்.

ஜூலை 16, செவ்வாய்

தூக்கம்: இல்லை. வேண்டாம்.

எழுதிவிடுகிறேன். மாத்திரைக் கணக்கு எழுதுகிற நோட்டில் இதுவும் கிடக்கட்டும்.

அன்று அவன் காதோரம் கேட்டது இது: "அக்கா, அத்தான் கடைசியா என்ன சொன்னாக? நீ முழிச்சுத்தானே இருந்தே?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் தெரிகிறது. அத்தானோடு கேரம் விளையாடித் திரிந்தவன், கடைசி வார்த்தை என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

ஊருக்கெல்லாம் நான் சொன்ன கதை வேறு. "ஆறு மணிக்கு நெஞ்சு வலிக்குன்னாக. தண்ணி கேட்டாக. என் மடியில தலை வச்சு ரெண்டு வாய் குடிச்சாக. போயிட்டாக." பாப்பாகூட அதற்கு அழுதாள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அவர் முப்பத்தெட்டு வருஷமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பித் தண்ணியை வைத்துவிட்டு வந்து, என் கால் மெட்டியில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். "ஏய், விடிஞ்சாச்சு." அதுதான் எனக்கு அலாரம். அந்தச் சத்தம் இல்லாமல் நான் ஒருநாளும் எழுந்தது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் சுண்டவில்லை. அதனால் தூங்கினேன். ஆறேகால் வரைக்கும் தூங்கினேன். இன்றைக்கு என்ன, காப்பி வாசனையைக் காணோமே என்று நினைத்துக்கொண்டே புரண்டு கையைப் போட்டேன். கை சில்லென்று இருந்தது. மூன்று மணி வாக்கில் போயிருக்கும் என்றார் டாக்டர். மூன்றேகால் மணி நேரம் பக்கத்தில் கிடந்திருக்கிறேன். தண்ணி கேட்டிருப்பாரோ? கூப்பிட்டிருப்பாரோ? நானும் கண்ணைத் திறந்து 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேனோ? நேற்று அந்த வீடியோவைப் பார்த்த பிறகு, இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "போய்ப் படுல, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. நேரம் ஆனா நான் எழுப்பச் சொல்லுதேன்" என்று நான்தான் அனுப்பினேன். மூன்று தடவை கோடி எங்கே என்று கேட்டபோது, 'கொஞ்சம் பொறுங்க, தம்பி வரட்டும்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அய்யாத்துரை பொறுத்திருப்பான். வாயைத் திறக்கவில்லை. தம்பி வந்து நின்றால் மறுபடி கேட்பான்.

தூங்கினவன் என்று ஒருத்தன் வேண்டியிருந்தது.

இதைக் குருநாதனிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அவன் என் கோழிக்கிறுக்கலைக் கூட்டிப் படிக்க ஒரு மணி நேரம் ஆகும், இதைப் படிக்க மாட்டான்.

ஜூலை 17, புதன்
ஆடி ஒன்று. கடைசி நாள்.

தூக்கம்: ராத்திரி பத்து முதல் ஐந்து வரை. உடம்பு வந்து சேர்ந்துவிட்டது போல.

காலையில் ஜீப்பில் ஏறும்போது தம்பியை என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சொல்லவில்லை, சீட்டைத் தட்டினேன். பூனைக்குட்டி மாதிரி வந்து உட்கார்ந்தான்.

அரை மணி நேரத்தில் கமாவு வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். புல்லுக்குள் பத்தடி தூரத்தில் பிடரிக்காரன். காலை விரித்து மல்லாந்து கிடக்கிறான், வயிறு ஏறி இறங்குகிறது. ஒருநாளைக்கு இருபது மணி நேரம் தூங்குவானாம். இவ்வளவு பேர் இவ்வளவு செலவழித்து இவன் தூங்குவதைப் பார்க்க வருகிறார்கள். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

நான் பையிலிருந்து கவரை எடுத்தேன்.

சொர்ணம் பின்னாலிருந்து என் கையைப் பிடித்தாள். அவள் அதைப் பார்த்ததும் கண்டுகொண்டாள், அவள் வைத்துவிட்டுப் போன கவர்தானே. "மதினி, இங்க வச்சு வேண்டாம்" என்றாள்.

"நீ சும்மா இரு. ஏல, கோமதி."

"அக்கா."

"பிரி."

துருப்பிடித்த பின் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். காகிதம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளைச் சேலை இருக்கும் என்று பதினோரு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கத்திரிப்பூ நிறம். அரக்குக் கரை. மடிப்புக்கு மடிப்பு கோடு விழுந்திருக்கிறது, நிறம் போகவில்லை.

"கோடிக்குப் போய் இந்த நிறத்துல எடுத்தியால?"

"மதுரையில இறங்குன ஒடனே கடையில வெள்ளைதான் காட்டுனான். எங்க அக்காவுக்கு வெள்ளை வேண்டாம்னு சொன்னேன். அவளுக்கு இதுதான் பிடிக்கும்" என்றான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

"அழாத. அந்தப் பயல் முழிச்சிருவான். போடு."

"இங்கேயா அக்கா?"

"பொறகு எங்கே? போடு. ஆளிருக்குன்னு தெரியட்டும்."

எழுந்து நின்று, ஜீப்பின் கூரையில் தலை இடிக்க, இரண்டு கையாலும் என் தோளில் போட்டான். கமாவு என்னவென்று கேட்டான். குருநாதன் ஏதோ சொன்னான். கமாவு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மரியாதை தெரிந்தவன் என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன்.

சொர்ணம் மூக்கைச் சிந்தினாள். "கைக்குட்டை போதுமா, இல்ல என் வெள்ளைச் சேலையைக் கிழிச்சுத் தரட்டுமா?" என்றேன். "குடுங்க மதினி, இனிமே ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள். அவளுக்கும் வாய் உண்டுதான்.

கூடாரத்துக்கு வந்து கத்திரிப்பூச் சேலையை உடுத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும்.

கோமதிநாயகத்தை விட்டுவிட்டேன். அவனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருக்கிறது. அவன் இருக்கட்டும், நானும் இருக்கிறேன், பார்ப்போம். சொர்ணத்தைப் பாதி விட்டுவிட்டேன். அய்யாத்துரை செத்துப்போனான், அவனைத் திட்டுவது வீண். பாப்பா இருக்கிறாள். அவள் சிரித்தது என் கணக்கில் இருக்கிறது. ஆனாலும் அது சில்லறை.

மன்னிக்க முடியாத ஆள் ஒருத்தர்தான். முப்பத்தெட்டு வருஷம் ஒருநாள் தவறாமல் மெட்டியைச் சுண்டி எழுப்பிவிட்டு, போகிற அன்றைக்கு மட்டும் சத்தம் காட்டாமல் போனவர். போகிற போக்கில் ஒரு சுண்டு சுண்டியிருந்தால் எழுந்திருக்க மாட்டேனா? ஒரு வாய் தண்ணி தந்திருக்க மாட்டேனா? தூங்கினவள் என்ற பட்டத்தை எனக்குக் கட்டிவிட்டு, அங்கே புல்லில் கிடக்கிற பயல் மாதிரி கண்ணைத் திறக்காமல் கிடந்தார். இந்த ஜென்மத்தில் விட மாட்டேன். போய்ச் சேர்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று பயந்து ஐம்பது வருஷம் வாயைக் கட்டினேன். இனிக் குறைய என்ன இருக்கிறது? எழுதுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நரசிங்கம்.